காயலான் கடை காரில் 100 மைல் வேகம்! போலீஸ் விரட்டிய ரோட்ஸ்டர் தபால்தலை ஏறிய கதை

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசாருக்கு ஒரு காலத்தில் தீராத தலைவலியாக இருந்தது ஒரு வகைக் கார்.

மட்கார்டு கிடையாது. மேல்கூரை கிடையாது. பானெட்டின் பக்கத் தகடும் கிடையாது. என்ஜின் அப்படியே வெளியே தெரியும். புகைக்குழாயில் கிளம்பும் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற பையனுக்கு 18, 20 வயது இருக்கும்.

காருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்!

'ஹாட் ராட்' என்று அதற்குப் பெயர். பழைய போர்டு ரோட்ஸ்டர் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். வேண்டாததை எல்லாம் கழற்றி எறிவார்கள். வேறு வேறு கார்களில் கழற்றிய சாமான்களைக் கொண்டுவந்து பூட்டுவார்கள். வேகம் ஒன்றுதான் குறி.

அன்று காயலான் கடையில் கிடந்த அந்த வண்டிக்கு இன்று வந்திருக்கிற மவுசே வேறு. அசல் 1932-ம் வருட இரும்பு பாடி ஒன்று மட்டும் கிடைத்தாலே, அதற்கு ஒரு புதுக் கார் வாங்கும் பணத்தை எண்ணி வைக்க வேண்டும். அதனால் சண்டையும் வந்துவிட்டது. 'இத்தனை வருஷம் தப்பிப் பிழைத்த காரை வெட்டாதே' என்கிறது ஒரு கோஷ்டி. 'வெட்டுவதற்கென்றே பிறந்த கார் இது' என்கிறது இன்னொரு கோஷ்டி.

ஏழை வீட்டு 'வி-8'

கதை 1932-ல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் பஞ்சமும் வேலை இல்லாத் திண்டாட்டமும் தலைவிரித்து ஆடிய நேரம். செவர்லே கம்பெனி 1929-லேயே 6 சிலிண்டர் காரை மலிவு விலைக்குக் கொண்டுவந்து போர்டு கம்பெனியின் வியாபாரத்தில் கை வைத்திருந்தது. ஹென்றி போர்டு பதிலுக்கு 6 சிலிண்டர் செய்யவில்லை. ஒரே தாவாக 8 சிலிண்டருக்குப் போனார்.

அதுவரை 'வி-8' என்றால் காடிலாக் மாதிரி பணக்கார வண்டிகளின் சமாச்சாரம். எட்டு சிலிண்டரையும் கிராங்க் உட்காரும் கூட்டையும் ஒரே வார்ப்பாக வார்த்து எடுத்ததுதான் போர்டு கம்பெனி செய்த சாதனை. செலவு குறைந்தது. ரோட்ஸ்டர் காரின் விலை 500 டாலரை ஒட்டி நின்றது.

என்ஜின் 221 கன அங்குலம். அதாவது சுமார் 3,600 சி.சி. சக்தி 65 குதிரை. நம்ம ஊர் டாக்சிகளில் ஓடிய அம்பாசடரின் பழைய பெட்ரோல் என்ஜின் 1,489 சி.சி.தான் என்பதை நினைத்தால் அதன் பருமன் புரியும்.

இதை 'பிளாட்ஹெட்' என்று செல்லமாகச் சொல்வார்கள். வால்வுகள் எல்லாம் தலைக்கு மேலே இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் சிலிண்டர் ஹெட் வெறும் தட்டையான மூடி. இரும்பு ஹெட்டைக் கழற்றிவிட்டு அலுமினிய ஹெட்டைப் போடுவது ஒரு பையன் ஒரு சாயங்காலத்தில் முடிக்கிற வேலை. அந்தச் சுலபம்தான் பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம்!

இரண்டாம் நம்பர் சீட்டு

1932 மாடலுக்கு 'டியூஸ்' என்று பட்டப்பெயர். சீட்டுக்கட்டில் இரண்டாம் நம்பர் சீட்டுக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயர் அது. வருடத்தின் கடைசி எண் 2 அல்லவா!

ஏன் எல்லாரும் இந்த ஒரு மாடலையே மொய்க்கிறார்கள்? காரணம் சேஸிஸ். மற்ற கார்களில் மட்கார்டைக் கழற்றினால் சேஸிஸ் சட்டம் எலும்பும் தோலுமாக அசிங்கமாகத் தெரியும். 1932 போர்டில் சட்டத்தின் வெளிப்பக்கத்திலேயே நீளமாக ஒரு வரிவளைவு அழுத்தி எடுத்திருக்கிறார்கள். மட்கார்டு போனாலும் வண்டி பார்க்க லட்சணமாகவே இருக்கும்.

இன்னொன்று பெட்ரோல் டாங்கி. அதற்கு முந்தைய மாடல் 'ஏ' காரில் டாங்கி முன் கண்ணாடிக்குக் கீழே, கிட்டத்தட்ட ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு எதிரே இருந்தது. 1932-ல் அதைப் பின்னால் கொண்டுபோய் விட்டார்கள். மோதினால் என்ன ஆகும் என்று யோசிக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ரோட்ஸ்டர் என்றால் திறந்த கார். துணிக் கூரை. கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் திரைதான். குடும்பஸ்தர்கள் சீக்கிரமே இந்தக் கார்களைக் கைகழுவினார்கள். விலை சரிந்தது. எடை குறைந்த வண்டி, விலையும் குறைவு. வேகப் பித்து பிடித்த வாலிபனுக்கு வேறென்ன வேண்டும்?

ஏரிக்குள் பந்தயம்

லாஸ் ஏஞ்சல்சுக்கு வடக்கே மலையைத் தாண்டினால் மொஜாவே பாலைவனம். அங்கே தண்ணீர் வற்றிய ஏரிகள் உண்டு. மியூராக், எல் மிராஜ், ரோசமாண்ட் ஆகியவை முக்கியமானவை. களிமண் தரை காய்ந்து சிமெண்டு போட்ட மாதிரி மைல் கணக்கில் பரந்து கிடக்கும்.

சனிக்கிழமை ராத்திரியே பையன்கள் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். விடிந்ததும் ஹெட்லைட், முன் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டம். சாயங்காலம் திரும்பப் பூட்டிக்கொண்டு அதே காரில் வீடு. திங்கட்கிழமை அதே கார்தான் வேலைக்கும்!

ஆரம்பத்தில் பல வண்டிகள் ஒரே நேரத்தில் சேர்ந்து சீறின. முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. விபத்துகள் நடந்தன. இதைக் கட்டுப்படுத்தவே 1937-ல் பல கிளப்புகள் சேர்ந்து 'தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கின. 1938-ல் மியூராக்கில் அதன் முதல் கூட்டம் நடந்தது. பிறகு, வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு நேரம் கணக்கிடும் முறை நிலைத்தது.

அந்தச் சங்கத்தின் ஒரு விதி வேடிக்கையானது. கூரை வைத்த கூபே கார்களை 1950 வரை சேர்க்கவே இல்லை. ரோட்ஸ்டர்தான் அசல் என்ற வீம்பு!

அந்த நாள் ஆட்களில் ஒருவர் விக் எடல்பிராக். கார் மெக்கானிக். 1932 ரோட்ஸ்டர் ஒன்றை வைத்திருந்தார். இரண்டு கார்பரேட்டர் பூட்டுவதற்கான மேனிபோல்டு ஒன்றைத் தானே செய்து அதே காரில் மாட்டிச் சோதித்தார். 1941-ல் அந்த வண்டி 121 மைல் வேகத்தைத் தொட்டது. பார்த்தவர்கள் 'எனக்கும் ஒன்று செய்து கொடு' என்று வரிசையில் நின்றார்கள். பட்டறை தொழிற்சாலை ஆயிற்று. அவர் 1962-ல் காலமானார். ஆனால் எடல்பிராக் பெயர் போட்ட சாமான்கள் இன்றும் கடைகளில் விற்கின்றன.

மியூராக் ஏரியை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். 1947-ல் ஒலியின் வேகத்தை மிஞ்சிய முதல் விமானம் அந்தப் பகுதி வானத்தில்தான் பறந்தது. எல் மிராஜில் மட்டும் இப்போதும் பந்தயம் நடக்கிறது.

'ராத்திரியில் ரோட்டில் ரேஸ்'

1945-ல் யுத்தம் முடிந்தது. ராணுவத்தில் விமான என்ஜினையும் டாங்கியையும் ரிப்பேர் பார்த்துப் பழகிய வாலிபர்கள் ஊர் திரும்பினார்கள். கையில் கொஞ்சம் பணம். மனதில் துணிச்சல். காயலான் கடைகளில் பழைய போர்டுகள். அப்புறம் கேட்க வேண்டுமா?

பாலைவனம் வரை போகப் பொறுமை இல்லாதவர்கள் நகர வீதிகளிலேயே போட்டி போட்டார்கள். சிக்னலில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் இன்னொரு ரோட்ஸ்டர். ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பச்சை விழுந்தால் சீறல்தான். ஆட்கள் அடிபட்டார்கள். செத்தவர்களும் உண்டு.

பத்திரிகைகள் விளாசித் தள்ளின. பழைய கார் எது மோதினாலும் 'ஹாட் ராட் விபத்து' என்றே தலைப்புப் போட்டன. ஒழுங்காக ஓட்டியவனுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர். சத்தம் அதிகம், மட்கார்டு இல்லை என்று போலீசார் கண்ட இடத்தில் நிறுத்தி நோட்டீஸ் கிழித்தார்கள்.

பெயரைக் காப்பாற்ற டைமிங் சங்கம் 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்சில் ஒரு கண்காட்சி நடத்தியது. அந்தச் சமயத்தில்தான் ராபர்ட் பீட்டர்சன் என்பவர் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஒரு மாதப் பத்திரிகை வெளியிட்டார். விலை 25 சென்ட். கண்காட்சி வாசலில் நின்று விற்றார். அந்தப் பத்திரிகை பிறகு லட்சக்கணக்கில் விற்பனை ஆனது.

1950 ஜூலையில் சாண்டா ஆனா என்ற ஊரில் இன்னொரு திருப்பம். அங்குள்ள விமான நிலைய ஓடுதளத்தில் ஞாயிறுதோறும் கால் மைல் ஓட்டப் பந்தயம் ஆரம்பம் ஆனது. காசு வசூலித்து முறையாக நடத்திய முதல் 'டிராக்' மைதானம் அதுதான். நம்ம சென்னைக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. யுத்த காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில்தானே நம்ம ஊர் மோட்டார் ரேஸ் பல வருடம் நடந்தது!

1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கம் பிறந்தது. வாலி பார்க்ஸ் என்பவர் தலைவர். அவர்களுக்குக் கை கொடுத்தது யார் தெரியுமா? போலீஸ்!

பொமோனா என்ற ஊரில் பட் கூன்ஸ் என்று ஒரு போலீஸ் சார்ஜெண்ட். பையன்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதைவிட ஓட்டுவதற்கு ஓர் இடம் கொடுத்தால் தெருவில் ஆட்டம் குறையும் என்பது அவர் கட்சி. அவருடைய மேலதிகாரி ரால்ப் பார்க்கரும் ஒத்துழைத்தார். பொருட்காட்சி மைதானத்தில் கார் நிறுத்தும் திடல் பந்தயத் தளம் ஆனது. 1953-ல் தேசிய சங்கத்தின் முதல் பந்தயம் அங்கேதான் நடந்தது. அடுத்த வருடம் அதே கூன்ஸ், சில ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரும் இழுவை வண்டியுமாக நாடு முழுக்கச் சுற்றினார். பந்தயத்தை ஆபத்து இல்லாமல் நடத்துவது எப்படி என்று ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வேலை ஆரம்பம்!

சரி, இந்த வண்டியைக் கட்டுவது எப்படி? இன்றும் 'பழைய முறைப்படி' கட்டுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் கணக்கில், அந்தக் காலப் பையனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய சாமான்தான் போட வேண்டும். நேற்று வந்த அலாய் வீல், டிஸ்க் பிரேக் எல்லாம் தீட்டு!

முதல் வேலை சேஸிஸ். இரண்டு பக்கச் சட்டமும் 'சி' வடிவத் தகடு. 65 குதிரைக்குப் போதும். என்ஜின் பலம் இரண்டு மடங்கு ஆனால் முறுக்கிக் கொள்ளும். அதனால் திறந்த பக்கத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்துப் பெட்டி மாதிரி மூடுவார்கள். கோணம் பார்க்காமல் ஒரே மூச்சில் அடித்தால் சூட்டில் சட்டம் வாழைப்பழம் போல வளைந்துவிடும். கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டு அடிக்க வேண்டும்.

அடுத்து உயரத்தைக் குறைப்பது. போர்டு காருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்கே போட்ட பட்டை ஸ்பிரிங்தான், குதிரை வண்டி மாதிரி. முன் அச்சின் இரண்டு முனையையும் சூடாக்கி இழுத்து, சக்கரம் மாட்டும் இடத்தை மேலே கொண்டுபோவார்கள். வண்டி இரண்டு மூன்று அங்குலம் தரையோடு தாழும். நல்ல கொல்லன் கை வேண்டும். எரித்துக் கெடுத்தால் ஓடும்போது அச்சு முறியும். அப்புறம் கதை கந்தல்.

முன் அச்சைப் பிடித்திருக்கும் கவட்டைக் கம்பி ஒன்று உண்டு. அசல் வண்டியில் இரண்டு காலும் நடுவில் ஒரே இடத்தில் சேரும். பெரிய கியர் பாக்ஸ் வரும்போது அது இடிக்கும். நடுவில் வெட்டி, ஒவ்வொரு காலையும் பக்கச் சட்டத்தில் தனியாகப் பூட்டுவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சே முறுக்கிக் கொடுக்க வேண்டி வரும். போர்டின் அசல் 'ஐ' வடிவ அச்சு அந்த முறுக்கைத் தாங்கும். அதற்குப் பதில் குழாய் அச்சைப் போட்டால் தாங்காது. தெரியாமல் குழாயைப் போட்டு வெல்டிங் விட்டவர்கள் உண்டு.

நிற்குமா?

ஓடுவது பெரிசல்ல. நிற்கணும்!

1932 போர்டில் இருப்பது கம்பி பிரேக். பெடலை மிதித்தால் இரும்புக் கம்பிகள் நாலு சக்கரத்தையும் இழுக்கும். ஒரு கம்பி கொஞ்சம் தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். போர்டு கம்பெனி 1939-ல்தான் ஆயில் பிரேக்குக்கு மாறியது. எல்லாக் கம்பெனிகளும் மாறிய பிறகும் ஹென்றி போர்டு பிடிவாதமாக இருந்தார்.

அதனால் ஹாட் ராட் கட்டுகிறவன் காயலான் கடையில் முதலில் தேடுவது 1939 முதல் 1948 வரையிலான போர்டின் பிரேக் செட். டிரம் 12 அங்குலம். சின்னச் சின்ன மாற்றத்தோடு பழைய அச்சில் உட்கார்ந்துகொள்ளும். பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் 1939 வண்டியில் இருந்தே வரும்.

இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்த மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். நாலு சக்கரத்தில் எந்த ஒரு குழாய் வெடித்தாலும் ஆயில் எல்லாம் கொட்டி நாலு பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும். முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று இரண்டு அறை வைத்த சிலிண்டர் அமெரிக்கக் கார்களில் 1967-ல்தான் பொதுவானது.

பழைய முறை என்று சத்தியம் செய்தவர்கள் இதில்தான் இரண்டு பட்டுவிடுகிறார்கள். 'அன்று அப்படித்தான் ஓட்டினார்கள், நானும் அப்படியே' என்று ஒரே அறையோடு போகிறவர்கள் உண்டு. வெளியே தெரியாமல் தரைத் தகட்டுக்கு அடியில் இரண்டு அறை சிலிண்டரை மறைத்து வைத்துவிட்டு வாயைத் திறக்காதவர்களும் உண்டு. பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவன் இரண்டாவது ஆளைப் பின்பற்றுவதுதான் புத்திசாலித்தனம். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

என்ஜின் எடுக்கும் உயிர்

பிளாட்ஹெட் என்ஜின் கடைசியாக அமெரிக்க போர்டு காரில் வந்தது 1953-ல். எனவே இன்று கிடைக்கும் பிளாக்கில் இளையதற்கே வயது 70-ஐத் தாண்டிவிட்டது. வாங்குகிறவன் முதலில் பார்ப்பது வெடிப்பு. வால்வு உட்காரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை போல ஓடும். கண்ணுக்குத் தெரியாது. காந்தமும் இரும்புத் தூளும் வைத்துச் சோதிப்பார்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் பிளாக் எடைக்குத்தான் போகும்.

இந்த என்ஜின் சூடாவதில் பேர்போனது. காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. எரிந்த புகை நேராக வெளியே போகாமல் பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் ஓடும் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு பக்கத்துக்கு நாலு சிலிண்டர், ஆனால் புகை வாய் மூன்றுதான். நடு இரண்டும் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதோடு வார்க்கும்போது உள்ளே தங்கிய மணல்கூட சில பிளாக்குகளில் இன்னும் இருக்கிறது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல், 'ரேடியேட்டர் சரியில்லை' என்று புலம்பிப் பிரயோசனம் இல்லை.

1940-களின் பிளாக் 239 கன அங்குலம். சிலிண்டரை எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக போரிங் செய்வார்கள். 1949 முதல் 1953 வரை வந்த மெர்குரி காரின் கிராங்கைக் கொண்டுவந்து போடுவார்கள். அதன் ஓட்டம் 4 அங்குலம். மொத்தம் 276 கன அங்குலம் ஆகிவிடும். பழைய ஆட்களிடம் '276' என்று நம்பரை மட்டும் சொன்னாலே போதும், முகத்தில் சிரிப்பு வரும்.

மேலே அலுமினிய ஹெட். இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்பரேட்டர். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாப்ட். இத்தனையும் சரியாகச் சேர்ந்தால் 65 குதிரை 150-ஐ ஒட்டி வந்து நிற்கும். மூன்று கார்பரேட்டர், நாலு கார்பரேட்டர் என்று அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பார்வைக்கு ஜோராக இருக்கும். சிக்னலில் நின்றால் பெட்ரோல் வழிந்து மூச்சுத் திணறும்.

கியர் பாக்ஸ் பெரும்பாலும் 1939 போர்டு வண்டியுடையது. தரையில் இருந்து வரும் கியர் கம்பி. மூன்று கியர். முதல் கியரை வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். அவசரப்பட்டால் பல் தேயும்.

பட்டியா, ஈயமா?

பாடி வேலை பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. அடிப்பக்கம் துருப்பிடித்து இருக்கும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். நம்ம ஊர் டிங்கர்களுக்குத் தெரியாத வேலை அல்ல. ஒட்டு போட்ட இடத்தில் பட்டி பார்க்காமல் ஈயத்தைக் காய்ச்சிப் பூசி அரத்தால் ராவி எடுப்பதுதான் பழைய முறை. ஈயப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்பதால் முகமூடி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

முன் கண்ணாடிச் சட்டத்தை இரண்டு மூன்று அங்குலம் குறைப்பார்கள். முன்னால் சின்ன டயர், பின்னால் பெரிய டயர். இது வெறும் அழகுக்கு அல்ல. பின் டயர் பெரிதானால் என்ஜின் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். பெயிண்ட் கறுப்பு. காசு இல்லாதவன் செங்காவி பிரைமரோடு நிறுத்திக்கொண்டான். இன்று காசு இருக்கிறவனும் அதையே வேண்டும் என்று கேட்கிறான்!

வெட்டலாமா, கூடாதா?

சண்டைக்கு வருவோம். பெட்ரோல் மூடி முதல் கம்பி பிரேக் வரை 1932-ல் கம்பெனி கொடுத்தபடியே இருக்கும் ரோட்ஸ்டர் இன்று அபூர்வம். அதை வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. வெட்டியே தீருவேன் என்பதற்கு இப்போது அவசியமும் இல்லை. ஒஹாயோ மாநிலத்தில் புரூக்வில் என்ற கம்பெனி புது இரும்புத் தகட்டில் அதே 1932 ரோட்ஸ்டர் பாடியை அடித்துக் கொடுக்கிறது. சேஸிஸ் சட்டமும் புதிதாகக் கிடைக்கிறது. எவனோ 1948-ல் வெட்டிப்போட்ட வண்டிகளும் கொட்டகைகளில் இன்னும் அகப்படுகின்றன. அப்படி இருக்க, முழுசாக இருக்கும் ஒன்றில் ரம்பத்தை வைக்கிறவனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அன்று வெட்டிய வண்டியே இன்று பொக்கிஷம். டோன் ஸ்பென்சர் என்பவர் 1940-களில் கட்டிய 1932 ரோட்ஸ்டர் ஒன்று உண்டு. பெப்பிள் பீச்சில் கோடீசுவரர்கள் பழைய கார்களை நிறுத்தி அழகுப் போட்டி நடத்துவார்கள். 1997-ல் அங்கே முதல் தடவையாக ஹாட் ராட் வண்டிகளை அனுமதித்தார்கள். முதல் பரிசை அடித்தது ஸ்பென்சர் கட்டிய வண்டி! அதைப் புதுப்பித்தவர்கள் கம்பெனி நிலைக்குக் கொண்டுபோகவில்லை. ஸ்பென்சர் எப்படி வெட்டினாரோ அப்படியே திரும்ப ஆக்கினார்கள்.

2014-ல் அமெரிக்கத் தபால் இலாகா ஹாட் ராட் தபால்தலை இரண்டு வெளியிட்டது. ஒன்றில் கறுப்பு, ஒன்றில் சிவப்பு. இரண்டும் 1932 ரோட்ஸ்டர்தான்.

நம்பர் விவகாரம்

எல்லாம் முடிந்ததும் பதிவு செய்ய வேண்டும். சிக்கல் இங்கேதான். பழைய போர்டின் நம்பர் சேஸிஸ் சட்டத்தில் கொத்தியிருக்கும். புதுச் சட்டம், புது பாடி என்றால் அது 1932 கார் ஆகாது. கலிபோர்னியாவில் அதைத் 'தனியாகக் கட்டிய வண்டி' என்று பதிவு செய்ய வேண்டும். அப்படிக் கட்டிய வண்டிகளில் வருடத்துக்கு 500-க்கு மட்டும் அங்கே புகைச் சோதனையில் சலுகை உண்டு. முந்துகிறவனுக்குத்தான் கிடைக்கும். இதைத் தவிர்க்க, எங்கோ செத்துப்போன காரின் பத்திரத்தை மட்டும் விலைக்கு வாங்கி அதன் நம்பரைப் புதுச் சட்டத்தில் கொத்துகிறவர்கள் உண்டு. அது திருட்டுத்தனம். பிடிபட்டால் வண்டியே பறிபோகும்.

நம்ம ஊரில் யாருக்காவது இதைப் படித்துக் கை துறுதுறுத்தால் ஒரு வார்த்தை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. சேஸிஸை வெட்டினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கையை விரித்துவிடுவார்கள்.

அங்கே பதிவு முடிந்த வண்டியையும் உடனே நெடுஞ்சாலைக்கு விடுவதில்லை. காலி மைதானத்தில் 20 மைல் வேகத்தில் பிரேக் அடிப்பார்கள், பிறகு 30, பிறகு 40. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து டிரம்மைக் கழற்றி மறுபடி பூட்டுவார்கள். முதல் 50 மைல் ஓடியதும் அச்சு, ஸ்டியரிங், கவட்டைக் கம்பி எல்லாவற்றிலும் நட்டைத் திரும்ப முறுக்கி, ஒவ்வொரு காட்டர் பின்னும் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்கு வண்டிக்கு அடியில் அரை நாள் படுத்துக் கிடக்க வேண்டும்.